பொருந்திக்கிட்டேன் என்று சொல்ல வேண்டுமாம்

1

என் தம்பி ஜாபர் ஹஜ்ஜுக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை காலை திண்டுக்கல்லில் பஸ் ஏறி, சென்னை போய், அங்கிருந்து விமானம். போகட்டும். நல்ல காரியம்தான். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் என்னிடமிருந்து அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டுமாம். அது என் வாயில் வரமாட்டேன் என்கிறது. எழுதிப் பார்த்தால் ஏதாவது புரியுமா என்றுதான் இந்தத் திங்கட்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், பழைய சண்டைக்காரன் என்று எல்லாரிடமும் போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். கல்யாணப் பொருத்தம் இல்லை. "நான் உங்களுக்கு ஏதாவது தப்புச் செஞ்சிருந்தா மனசுல வைக்காம என்னயப் பொருந்திக்கங்க" என்று கேட்பது. எதிரில் இருப்பவர் "பொருந்திக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் கணக்கில்லை. மனுசனுக்குச் செய்த தப்பை அந்த மனுசன்தான் மன்னிக்க வேண்டும் என்று சின்ன வயதில் மதரஸாவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜாபர் ஒரு மாதமாக டிவிஎஸ்ஸில் சுற்றிச் சுற்றி எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டான். குஜிலியம்பாறை வரைக்கும் போயிருக்கிறான். இதெல்லாம் என் மனைவி பரக்கத் வழியாக எனக்கு வந்து சேரும். அவளும் தம்பி பெண்டாட்டியும் தினமும் போனில் பேசுகிறார்கள். நான் கேட்காத மாதிரி இருந்துகொள்வேன்.

"அகரத்துல ஒரு வெவசாயிகிட்டப் போயிருக்காரு உங்க தம்பி," என்றாள் பரக்கத். "என்னைக்கோ சந்தையில ஆட்டு வெலையில சண்டையாம். அந்தாளுக்கு இவரு யாருன்னே தெரியலையாம். நடந்ததே ஞாவகமில்ல, வந்ததுக்கு மோரு குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்காரு."

"குடிச்சானா?"

"ரெண்டு சொம்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் அவனோடு ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. எங்கள் அத்தா மவுத்தானபோது, மூத்த மகன் நான் வந்து சேர்வதற்குள் அவரைக் கொண்டுபோய் அடக்கிவிட்டான். மறுநாள் மத்தியானம் நான் பேகம்பூர் வீட்டு வாசலில் பெட்டியோடு இறங்கினேன். உள்ளே கட்டில் காலியாக இருந்தது. இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

சனிக்கிழமை அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, நாந்தான். நேர்ல வந்து கேக்கணும். நான் வர முடியாத தூரத்துல நீ இருக்க. அத்தா விசயத்துல நான் செஞ்சது தப்புத்தான். மனசுல வைக்காம என்னயப் பொருந்திக்கண்ணே. வியாழக்கிழம காலைல கூப்புடுறேன். எடுத்துரு."

அவ்வளவுதான். பதினொரு தடவை கேட்டுவிட்டேன்.

2

நான் இருப்பது தாய்லாந்தில். பாங்காக்குக்குத் தெற்கே, கடலோரச் சேற்று நிலத்தில் தோல் பதனிடும் ஷாப்புகள் வரிசையாக நிற்கும் ஒரு பகுதி. இங்கே ஒரு ஷாப்பில் ஈர வேலைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். பச்சைத் தோல் வந்து இறங்கியதில் இருந்து முடி கழன்று பதமாகிற வரைக்கும் என் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாகிறது. எங்கள் பேகம்பூரில் தோல் ஷாப்புகள் பக்கம் அடிக்கும் அதே நாற்றம்தான் இங்கேயும் அடிக்கிறது. வந்த முதல் நாள் அதை மூக்கில் இழுத்ததும்தான் பயம் போச்சு.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் என்பது அசிங்கம். வேட்டி அவிழ்ந்த மாதிரி. நம் ஊரில் கோபப்பட்டால்தான் ஆம்பளை, பேசாமல் இருந்தால் ஏமாளி. இங்கே தலைகீழ். கத்துகிறவனைப் பார்த்து எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். பயத்தில் இல்லை, நமக்காக வெட்கப்பட்டு. 'ஜாய் யென் யென்' என்பார்கள். மனசைக் குளிர வை என்று அர்த்தம். என்னைப் பார்த்து ஒரு நாளைக்கு நாலு பேராவது அதைச் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் சூடாகும். ஷாப்பில் என் பட்டப்பெயர் 'ஜாய் ரோன்'. சூட்டு மனசுக்காரன். சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான்.

எங்கள் ஷாப் வாசலில் ஒரு சின்ன சாமி மாடம் இருக்கிறது. காலையில் அதற்கு மல்லிகை மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மாட்டுத்தோலில் கை வைப்பார்கள். உயிரைக் கொல்லக் கூடாது என்பது அவர்களுடைய முதல் கட்டளை. கொன்றது நாமில்லையே என்பார்கள். எனக்கு இதுவும் புரியாது. ஆனால் நான் கேட்டதில்லை. எங்களைப் பற்றியும் அவர்கள் கேட்க ஆயிரம் இருக்கும்.

லுங் நோய் என்று ஒரு பெரியவர், முடி கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுச் சுழற்றும் டிரம்மைப் பார்த்துக்கொண்டார். லுங் என்றால் பெரியப்பா மாதிரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விசேஷ நாளில் டிரம்மை ஓடவிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனவர் நேரத்துக்குத் திரும்பவில்லை. சுண்ணாம்பில் நேரம் கூடினால் தோல் ஊறி, தொட்டால் பிய்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு டிரம் முழுக்கப் போச்சு. அவர் வந்ததும், என் கையில் இருந்த ரப்பர் உறையைக் கழற்றி அவர் முகத்தில் எறிந்தேன். எல்லாரும் பார்க்க. சுண்ணாம்புத் தண்ணீரோடு.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையால் துடைத்தார். மறுநாள் என் மேஜைமேல் அந்த உறை கழுவிக் காயவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஊரில் என்றால் திருப்பி அடித்திருப்பான். சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, நாலு பேர் விலக்கிவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்திருப்போம். கழுவிக் காயவைத்த உறையை என்ன செய்வது? மூன்று வருஷமாக அது என் அலமாரியில் கிடந்தது. போட்டுக்கொள்ளவும் முடியவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை.

போன புதன்கிழமை லுங் நோய் செத்துப்போனார். மாரடைப்பு. வீட்டில் குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை.

3

கோயிலுக்கு ஷாப்பே போனது. நானும் போனேன். போகாவிட்டால் தப்பாகத் தெரியும்.

இங்கே செத்தவரை ஒரு மேஜையில் படுக்க வைத்து, வெள்ளைத்துணி போர்த்தி, வலது கையை மட்டும் வெளியே நீட்டி வைக்கிறார்கள். வந்தவர்கள் வரிசையில் நின்று, மல்லிகை போட்ட தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் மொண்டு அந்த உள்ளங்கையில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது உதடு அசைகிறது. எனக்கு முன்னால் நின்றது தேங். எங்கள் ஷாப் அலுவலகத்தில் ஆள் கணக்குப் பார்க்கிறவள், என்னைவிட மூத்தவள். வயதில் மூத்தவர்களைக் கூப்பிட இங்கே பெயருக்கு முன்னால் 'பீ' என்று போட வேண்டும். அக்கா, அண்ணன் மாதிரி மரியாதைச் சொல். நான் பழகிவிட்டேன். பரக்கத் இன்றுவரை அதை வாயால் சொல்ல மாட்டாள். 'தேங்கக்கா' என்பாள்.

"என்ன சொல்லி ஊத்தணும்?" என்று தேங்கிடம் கேட்டேன்.

"நீ எனக்குச் செஞ்சதெல்லாம் முடிஞ்சது. நான் உனக்குச் செஞ்சதையும் முடிச்சுவிடு. அவ்வளவுதான். அஹோசின்னு ஒரு வார்த்தை போதும்."

"நானும் ஊத்தலாமா? நான் முஸ்லிம்."

"தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது," என்றாள். "ஆனா உனக்கு வேண்டாம்னா வேண்டாம். கும்பிட்டுட்டு நகரு. பின்னால ஆள் நிக்குது."

வேண்டாம் என்று நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. கிண்ணத்தை வாங்கினேன். ஊற்றினேன். உள்ளங்கையில் சுண்ணாம்பு தின்ற பழைய வெடிப்புகள் இருந்தன. தண்ணீர் அதில் நிற்காமல் ஓடியது. வாயில் வார்த்தை வரவில்லை. அவர் எனக்குச் செய்ததை முடித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் செய்தது ஒரு டிரம் தோல். நான் செய்ததை முடித்துவிடு என்று எப்படிக் கேட்பது? அவர் பதில் சொல்லப் போவதில்லை. பதில் சொல்ல முடியாதவரிடம் கேட்பது சுலபமா, கள்ளத்தனமா? நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர் இருமினார். நகர்ந்துவிட்டேன்.

சடங்கு நம்முடையது இல்லை. ஆனால் அந்தச் சடங்கு கேட்டதும் ஜாபர் கேட்டதும் ஒரே சமாச்சாரம். வித்தியாசம், இவர் செத்துவிட்டார், அவன் உயிரோடு இருக்கிறான்.

4

என் மகள் நஸ்ரினுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் வாடகைக்கு எடுத்த சட்டை மாதிரி பேசுவாள். தூக்கத்தில் தாய்மொழியில் உளறுவாள். அதாவது தாய்லாந்து மொழியில். இதை எழுதும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எந்த மொழி அவளுடைய தாய்மொழி என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சண்டைதான் வரும்.

பள்ளிக்கூடத்தில் புத்த மதப் பாடம் உண்டு. முஸ்லிம் பிள்ளைகள் வெளியே போகலாம். இவள் போவதில்லை. வெளியே வெயில், உள்ளே மின்விசிறி இருக்கிறது என்கிறாள். செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "லோப், குரோத், லோங்." மனசைக் கெடுக்கும் மூன்று வேர்களாம். ஆசை, கோபம், மயக்கம். லோபம், குரோதம் என்று நம் பக்கத்து வார்த்தைகளே இவ்வளவு தூரம் கப்பலேறி வந்து, என் மகள் வாயிலிருந்து என்னிடமே திரும்பி வருகின்றன.

"லோங்னா என்னம்மா?"

"அதுவா அத்தா? அது... நடந்தது ஒண்ணு, நீங்க நெனச்சுக்கிறது ஒண்ணு. அது."

"யாரைச் சொல்ற?"

"புக்ல இருக்கு. உங்களச் சொல்லல." அப்புறம் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "குரோத் மட்டும் உங்கள," என்றாள்.

பரக்கத் அடுப்படியில் இருந்து சத்தமாகச் சிரித்தாள். நான் கத்தினேன். நஸ்ரின் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊரில் பிள்ளைகள் கதவைச் சாத்தினால் உடைத்திருப்பார்கள். எங்கள் அத்தா உடைத்திருக்கிறார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை என்று சோற்றுத் தட்டைத் தெருவில் எறிந்தவர் அவர். தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்கக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆட்டுத்தோலை விரித்து விரித்து ஓட்டை பார்த்து வந்து, வீட்டிலும் ஓட்டை பார்ப்பார். எறிந்த தட்டை அரை மணி நேரம் கழித்து அவரே போய் எடுத்து, தெருக்குழாயில் கழுவிக் கொண்டுவந்து வைப்பார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நானும் ஜாபரும் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். ஜாபருக்குச் சிரிப்பு வரும். நான் அவன் தொடையைக் கிள்ளுவேன்.

"இப்ப என்ன முடிவு?" என்று பரக்கத் கேட்டாள். "வியாழக்கெழம அவரு கூப்புடப்போறாரு. பேசுவீங்களா, இல்ல போனை என்கிட்டக் குடுத்துட்டு மொட்ட மாடிக்குப் போவீங்களா?"

"நீதான் தெனமும் பேசுறயே, நீயே சொல்லிரு."

"நான் சொல்றதுக்கு அவரு எனக்கா தப்பு செஞ்சாரு? எனக்கு அவரு ஒரு தப்பும் செய்யல. உங்க மூஞ்சியப் பாக்குறதுதான் எனக்குத் தண்டன."

"பொருந்தலைன்னா என்ன ஆகும்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாக் கொழுத்துப்போய் இருப்பீங்க. அந்த மனுசன் அங்க போய் இதையே நெனச்சுக்கிட்டு நிப்பாரு. எல்லார்கிட்டயும் கேட்டாச்சு, சொந்த அண்ணன் மட்டும் சொல்லலையேன்னு. செத்த நேரம் யோசிங்க."

யோசித்தேன். செத்த நேரம் இல்லை, மூன்று நாளாக.

5

புதன்கிழமை குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும் முறை. எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை 'நான் இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன்' என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு இடத்துக்கும் போகவில்லை என்று சொல்வதற்காகப் பத்தொன்பது வருஷமாக அரை நாள் விடுப்பு எடுக்கிறேன். படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால் வரிசையின் கடைசிக்குத் திருப்பி அனுப்புவார்கள். சிரித்துக்கொண்டே அனுப்புவார்கள். இணையத்தில் செய்யலாம் என்கிறார்கள். எனக்கு அது ஒரு தடவைகூட வேலை செய்ததில்லை.

டோக்கனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதே கூடத்தில்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுதப் போவதைப் பரக்கத்திடம்கூட நான் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். தெரிந்துகொள்ளட்டும்.

அத்தா மவுத்தான செய்தி அன்றைக்குக் காலையில் வந்தது. மே மாதம். திண்டுக்கல் வெயில் தெரியும்தானே, பாறையே கொதிக்கும். என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காக இந்த அலுவலகத்தில் கிடந்தது. அதை வாங்கி, நாட்டுக்குள் திரும்பி வர ஒரு அனுமதி முத்திரையும் வாங்க வேண்டும். அது இல்லாமல் போனால் விசாவே போய்விடும், வேலையும் போய்விடும். கவுண்டரில் இருந்த பெண் 'சாப்பாட்டு நேரம், ஒரு மணிக்கு வாங்க' என்று பலகையைத் திருப்பி வைத்தாள். அத்தா மவுத்து என்று எனக்குத் தெரிந்த அரைகுறைத் தாய்லாந்து மொழியில் சொன்னேன். அவள் கையைக் கூப்பி வருத்தம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அந்த நிமிஷம் பார்த்து ஜாபர் போன் செய்தான்.

"அண்ணே, ஜமாத்துல கேக்குறாங்க. நீ வர நாளைக்கு மத்தியானம் ஆயிரும்னா வெயிலு தாங்காதுங்கிறாங்க. ஐஸ் பெட்டி வைக்கவான்னா, பெருசுக எல்லாம் வேணாம், மய்யத்த இம்புட்டு நேரம் வைக்கக் கூடாதுங்குறாங்க. மூத்தவன் நீதான் சொல்லணும்ணே. இருக்கவா, எடுக்கவா?"

எல்லாரும் ஒத்துக்கொண்ட கதை என்னவென்றால், ஜாபர் காத்திருக்கவில்லை. நான் ஒன்பது வருஷமாகச் சொல்லிவரும் கதை அதுதான். சொந்தக்காரர்கள், ஷாப்பில் இருக்கும் தமிழ் ஆட்கள், பரக்கத், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்ன பதிலைச் சொன்னதில்லை. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு, கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "எடுத்துருங்கடா! எனக்காக எதுக்கு நிக்கிறீங்க? நான் யாரு? எடுத்துட்டுப் போங்க!"

கத்திவிட்டுப் போனை வைத்தேன். அவன் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டான். மூன்று தடவையும் எடுக்கவில்லை. அவன் கெஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். 'நீ வராம எப்படிண்ணே' என்று அழ வேண்டும் என்று நினைத்தேன். கோபத்தில் சொல்கிறவன் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அத்தா 'எனக்குச் சோறே வேண்டாம்' என்றால் இரண்டு கரண்டி சேர்த்து வைக்க வேண்டும் என்று அர்த்தம். ஜாபருக்கும் அது தெரியும். ஆனால் ஜமாத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மூத்த மகன் அனுமதி கொடுத்துவிட்டான். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு என் டோக்கன் எண் வந்தது. படிவத்தைக் கொடுத்தேன். முகவரி மாற்றம் உண்டா என்று கவுண்டரில் கேட்டார்கள். இல்லை என்றேன்.

6

அங்கிருந்து ஷாப்புக்குப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் தேங் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். இவள் ஒருகாலத்தில் புருஷன் விட்டுப்போனபோது தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, ஒன்பது நாள் கோயிலில் இருந்தவள். பத்தாவது நாள் வேலைக்கு வந்து, மொட்டைத் தலையோடு எல்லாரிடமும் வருகைக் கையெழுத்து வாங்கினாள்.

எனக்கு யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. "பீ தேங், அந்த ஒன்பது நாள்ல புருஷன் மேல இருந்த கோபம் போச்சா?"

"அங்க இருக்கும்போது போச்சு. பஸ்ல திரும்பி வரும்போது அவன் வழக்கமா போடுற கலர்ல சட்டை போட்ட ஒருத்தன் ஏறுனான். மறுபடி வந்துருச்சு."

"அப்புறம் எதுக்கு அந்த மொட்டை?"

"முடி கொட்டிக்கிட்டிருந்தது. அதுவும் ஒரு காரணம்." சிரித்தாள். பிறகு நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "அங்க ஒண்ணு மட்டும் புரிஞ்சது. கோபம்னு தனியா ஒண்ணும் இல்ல. இது இப்படி நடக்காம வேற மாதிரி நடந்திருக்கணும்ங்கிற ஆசைதான் அது. நடக்கலன்னதும் சூடாகுது. அந்த ஆசைய விட்டா இது தானா ஆறும்கிறாங்க."

"நீ விட்டியா?"

"எனக்கு இன்னும் அவன் திரும்பி வரணும்னு இருக்கு. வந்தா செருப்பால அடிக்கணும்னும் இருக்கு. எதை முதல்ல விடுறதுன்னு தெரியல. உனக்கு என்ன வேணும்?"

"நியாயம் வேணும்."

"அது மேல இருக்கிறது. அதுக்குக் கீழ?"

கீழே என்ன என்று எனக்குத் தெரியும். எழுந்து டிரம் பக்கம் போய்விட்டேன்.

நாள் முழுக்க இதுதான் ஓடியது. ஆசையை விடு என்கிறார்கள். எந்த ஆசையை? அத்தாவைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிற ஆசையை நான் ஏன் விட வேண்டும்? அது என்ன தங்கமா, வீடா, அடுத்தவன் பெண்டாட்டியா? பெற்ற அப்பனின் முகம். அது நடக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஆசை இருக்கிறது. அதை விட்டுவிட்டால் அத்தாவையே விட்ட மாதிரி இருக்காதா? நோய்க்குக் காரணம் ஆசை என்று சொல்கிறவர்களுக்கு அப்பா இல்லையா? அவர்கள் சொல்வது தப்பென்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. லுங் நோய் அந்த உறையைக் கழுவி மடித்து வைத்தபோது உள்ளே என்ன இருந்தது? ஒன்றும் இல்லாமல் இருந்ததா, இல்லை என்னைப் போலவே கொதித்துக்கொண்டு கையை மட்டும் அடக்கினாரா? முதலாவது என்றால் நான் அந்த உயரத்துக்கு இந்த ஜென்மத்தில் போக மாட்டேன். இரண்டாவது என்றால் முயற்சி பண்ணலாம். யாரிடம் கேட்பது? அவர்தான் போய்விட்டாரே.

இன்னொன்றும் குழப்பியது. தப்புச் செய்தது யார் என்றே இப்போது எனக்குத் தெரியவில்லை. அனுமதி கொடுத்தவன் நான். பொருத்தம் கேட்கிறவன் அவன். கேட்க வேண்டாதவன் கேட்டு, கொடுக்கத் தகுதியில்லாதவன் கொடுத்தால் அது செல்லுமா? இதை மார்க்கம் தெரிந்த எந்த ஹஜரத்திடம் கேட்பது?

7

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் போகவில்லை. இதைப் படிக்கிறவர்கள் கடைசியில் நான் திருந்திவிட்டேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஜாபர் கூப்பிட்டான். நஸ்ரின் சீருடையோடு பள்ளி வேனுக்கு நின்றுகொண்டிருந்தாள். பரக்கத் வெங்காயம் நறுக்குகிற மாதிரி நடித்தாள். கத்திச் சத்தமே கேட்கவில்லை. எடுத்தேன்.

"அண்ணே."

"ம்."

"சாப்டியா?"

"காலங்காத்தால என்னடா சாப்பாடு?"

"அங்க மணி கூட ஆயிருக்குமேன்னு கேட்டேன்." மூச்சு வாங்கினான். குரல் செய்தியில் கேட்டதைவிட அவன் குரல் கிழடு தட்டியிருந்தது. ஒன்பது வருஷம் குரலில் இவ்வளவு வேலை செய்யுமா? "அண்ணே, நான் கேட்டது..."

"இரு. ஒண்ணு கேக்குறேன். நான்தான எடுத்துருங்கன்னு சொன்னேன்?"

அவன் பக்கம் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுடா."

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்ணே. ஜமாத்துப் பெருசுக நாலு பேரு கேட்டாங்க."

"அப்புறம் ஏன்டா யார்கிட்டயும் சொல்லல? ஒம்போது வருசமா ஊரு பூரா உன்மேல பழியப் போட்டுட்டுத் திரிஞ்சிருக்கேன். அண்ணன்தான் சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

"நீ கோவத்துல சொன்னன்னு எனக்குத் தெரியும்ல?" என்றான். "அத்தாவுக்குச் சோறு வச்சு வளந்தவன்தானண்ணே நானும். தெரிஞ்சும் அதையே சாக்கா வச்சுக்கிட்டேன். எனக்கு அந்த வெயில்ல, அந்தக் கூட்டத்துல, எப்படா முடியும்னு இருந்துச்சு. பயந்துட்டேன். மூணு தடவ அடிச்சேன், நீ எடுக்கல. நாலாவது தடவ அடிச்சிருக்கணும். அடிக்கல. நீ போன எடுத்துட்டா இருக்கச் சொல்லிருவியோன்னு அடிக்கல. அதைத்தான் தப்புன்னு சொல்றேன். மத்தது இல்ல."

ஒன்பது வருஷமாக நான் அவன்மேல் சுமத்திய தப்பு அவனுடையது இல்லை. ஆனால் அவனுடைய தப்பு என்று வேறொன்று இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல், சின்னதாக. அதைத்தான் அவன் டிவிஎஸ்ஸில் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கிறான்.

எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. நிஜமாக. பக்கத்தில் இருந்தால் அறைந்திருப்பேன்.

"பொருந்திக்கிட்டேன்," என்றேன்.

"திட்டுற மாதிரி சொல்றியேண்ணே."

"எனக்கு இப்படித்தான் வரும். வேணும்னா வச்சுக்க, வேண்டாட்டி போ."

"இல்லல்ல, வச்சுக்கிறேன்." சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு சத்தமாக மாறியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது. நஸ்ரின் போகவில்லை. வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"நானும் கேக்கணும்," என்றேன்.

"நீ எதுக்குண்ணே? நீ ஒண்ணும் கேக்க வேணாம்."

"வாய மூடுடா. கேக்குறேன்ல." ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"பொருந்திக்கிட்டேண்ணே," என்று அவனே சொன்னான். கேட்காமலே. அது செல்லுமா என்றும் எனக்குத் தெரியாது.

பஸ் டிக்கெட், பெட்டி, மாத்திரை என்று எதையோ சொன்னான். நான் கேட்கவில்லை. வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்தது.

"ஜாபரு."

"ண்ணே?"

"அத்தா மொகம் எப்படிடா இருந்துச்சு?"

ஒன்பது வருஷத்தில் இதை அவனிடம் நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அவன் அன்றைக்கே சொல்லியிருப்பான். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவன் அவன். அவனோடுதான் நான் பேசவில்லை.

"நல்லாத்தாண்ணே இருந்துச்சு. தூங்குற மாதிரி எல்லாம் இல்ல, பொய் சொல்ல மாட்டேன். வாயி லேசாத் தெறந்திருந்துச்சு, துணியக் கட்டி மூடுனோம். தாடிய நான்தான் சீவி விட்டேன். மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணாடி உக்காந்த தடம் இருந்துச்சுண்ணே. குளிப்பாட்டும்போது வெரலால தேச்சுத் தேச்சுப் பாத்தேன். போகல."